காக்கா குஞ்சும் 13 கடையும்

நடுவர் அய்யாவுக்கு வணக்கம். மணி உங்க பக்கத்துலயே இருக்கு, நான் பாத்துட்டேன், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

அமெரிக்க கிராமங்கள்ல இருக்கிற கறுப்பின, லத்தீன், பூர்வகுடிக் குடும்பத்துப் பிள்ளைங்க குண்டாகுறதுக்குப் பெரிய காரணம் பெத்தவங்க மனசா, அவங்க இருக்கிற சூழ்நிலையா, இதான் தலைப்பு. நாங்க சூழ்நிலை அணி. இப்ப பேசிட்டு உக்காந்த எதிரணி அக்கா, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு சொல்லி நல்லா கைதட்டு வாங்கிட்டாங்க, நானும்தான் தட்டினேன். புள்ளைக்கு சட்டை பட்டன் மாட்ட மாட்டேங்குது, அம்மா என்னடான்னா "வளர்ற புள்ளதானே, உயரம் போட்டா சரியாயிடும்"னு சொல்லிட்டு அடுத்த சைஸ் எடுக்குறாங்க, அந்த மெத்தனம்தான் எல்லாத்துக்கும் காரணம்னாங்க. அப்படி ஒரு அம்மா இல்லவே இல்லன்னு நான் சொல்ல வரல. ஆனா காக்காவையே பாத்துட்டிருந்தீங்களே அக்கா, கூடு எந்த மரத்துல இருக்குன்னு ஒருதடவை அண்ணாந்து பாத்தீங்களா?

ஒரு கணக்கு சொல்றேன். 2014ல பீடியாட்ரிக்ஸ்ங்கிற குழந்தை மருத்துவ இதழ்ல 69 ஆய்வுகளை ஒண்ணா சேத்துப் பாத்து ஒரு கட்டுரை வந்துச்சு. எடை கூடின பிள்ளைங்களைப் பெத்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் பிள்ளையோட எடையை இருக்கிறதவிடக் குறைச்சுதான் மதிப்பிடுறாங்களாம். பாதிப் பேர்! இதுல பணக்காரன் ஏழை, டவுன்காரன் பட்டிக்காட்டான் எல்லாரும் உண்டு. ஆக பொன் குஞ்சு வியாதி ஊருக்கே பொதுவானது. அப்படின்னா அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையம் சிடிசி சொல்ற கணக்கு ஏன் ஒரே மாதிரி இல்ல? 2017லேருந்து 2020 வரைக்கும் எடுத்ததுல உடல் பருமன் வெள்ளைக்காரப் பிள்ளைங்க கிட்ட 16.6 சதவீதம், கறுப்பினப் பிள்ளைங்க கிட்ட 24.8, லத்தீன் பிள்ளைங்க கிட்ட 26.2. எல்லா வீட்லயும் இருக்கிற ஒரு குணத்தைக் காட்டி சில வீட்ல மட்டும் எகிறுறதுக்குக் காரணம் சொன்னா எப்படிங்க?

சரி, பெத்தவங்களுக்குத் தெரியல, தெரிய வச்சா மாறிடுவாங்கன்னு வச்சுக்குவோம். அதையும் செஞ்சு பாத்துட்டாங்க. அர்கான்சா மாநிலத்துல 2003லயே சட்டம் போட்டு, பள்ளிக்கூடத்துல பசங்க எடை உயரம் எடுத்து "உங்க பிள்ளையோட பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு, இவ்ளோ"ன்னு வீட்டுக்குக் கடுதாசி அனுப்பினாங்க. அப்புறம் கலிபோர்னியாவுல 79 பள்ளிக்கூடம், 28 ஆயிரத்துக்கும் மேல பசங்க, சிலருக்குக் கடுதாசி போச்சு, சிலருக்குப் போகல, 2021ல முடிவு வந்துச்சு. எடையில ஒரு மாற்றமும் இல்ல. கடுதாசி வந்துச்சு, படிச்சாங்க, அப்புறம்? சாயங்காலம் அதே கடை, அதே அலமாரி, அதே நடைபாதை இல்லாத ரோடு. அந்தக் கடுதாசிய வச்சுக்கிட்டு அவங்க என்னதான் பண்ணணும்னு எதிர்பார்க்கிறீங்க?

நான் கண்ணால பாத்த ஒண்ணு சொல்றேன். போன வருஷம் லீவுக்கு அரிசோனால நவஹோங்கிற பூர்வகுடி மக்களோட நிலம் வழியா கார்ல போனோம். வழியில ஒரு கேஸ் ஸ்டேஷன், அதுகூட ஒட்டின சின்னக் கடை. உள்ள ஏழு கதவு பிரிட்ஜ், நான் எண்ணினேன், ஆறு கதவுக்குப் பின்னாடி கலர் கலரா சோடா, ஏழாவதுல தண்ணியும் பாலும். பழம்னு பாத்தா கல்லாப் பக்கத்துல ஒரு கூடை, அதுல ரெண்டு வாழைப்பழம், தோலெல்லாம் கருத்து. ஒரு அப்பா, கூட ஏழெட்டு வயசுப் பையன், கொஞ்சம் பூசினாப்ல. பையன் சோடா எடுத்தான், அப்பா வாங்கித் திரும்ப உள்ள வச்சாரு. கல்லாகிட்ட வந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தாரு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு, கட்டை விரலால லேசா அமுக்கினாரு, கூடையில வச்சுட்டாரு. அப்புறம் போய் அதே சோடாவ எடுத்துக் குடுத்தாரு.

அய்யா, அந்த மனுஷனுக்கு அக்கறை இல்லன்னு யாராவது சொல்ல முடியுமா? அவரு வாழ்ற நிலம் சுமார் 27,000 சதுர மைல், நம்ம தமிழ்நாட்ல பாதிக்கும் கொஞ்சம் மேல. அதுக்குள்ள முழுசா மளிகைக்கடைன்னு சொல்றாப்ல இருக்கிறது 13ன்னுதான் ரொம்ப காலமா கணக்கு சொல்றாங்க. கிராமத்துல கடை 10 மைலுக்கு அப்பால இருந்தாலே அது எட்டாத தூரம்னு அமெரிக்க விவசாயத் துறையே கோடு போட்டு வச்சிருக்கு, இங்க 10 மைல்ல கடை இருந்தா கொண்டாடுவாங்க.

குண்டா இருந்தா நல்லதுன்னு பாட்டிங்க நெனைக்கிறாங்கன்னும் எதிரணி சொன்னாங்க. இருக்கலாம். 1864ல இந்த நவஹோ ஜனங்களை அமெரிக்க ராணுவம் சொந்த மண்ணுலேருந்து நூத்துக்கணக்கான மைல் நடத்தியே ஓட்டிட்டுப் போய் அடைச்சு வச்சு, பழக்கமே இல்லாத மாவும் கொழுப்புமா படி அளந்துச்சு, பசியிலயும் நோயிலயும் செத்தவங்க ஏராளம். அப்படி ஒரு பஞ்சத்தைப் பாத்த வம்சத்துல ஒல்லிப் புள்ளையப் பாத்தா பயமும் கொழுகொழு புள்ளையப் பாத்தா நிம்மதியும் வரத்தான் செய்யும். அந்த மனசு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா கடைசில எங்க அணிக்குத்தான் வந்து சேரணும்.

இதே நவஹோ ஜனங்கதான் 2014ல கூடி உக்காந்து, அவங்க தலைவரே வீட்டோ போட்டு, அதாவது ஒப்புதல் தராம தடுத்தும் விடாம, சத்தில்லாத நொறுக்குத் தீனிக்கும் சோடாவுக்கும் 2 சதவீதம் கூடுதல் வரி போட வச்சாங்க, அதுக்கு முன்னாடியே பழம் காய்கறிக்கு இருந்த 5 சதவீத வரியை எடுக்க வச்சாங்க. மெத்தனமா இருக்கிறவங்க தனக்குத் தானே வரி போட்டுக்குவாங்களா?

இன்னொண்ணு. அமெரிக்காவுல 'விக்'னு ஒரு அரசாங்கத் திட்டம், வருமானம் கம்மியான தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் சாப்பாட்டுப் பொருள் தர்றது. 2009ல அந்தப் பட்டியலை மாத்தி ஜூஸைக் குறைச்சு பழம், காய்கறி, முழுத் தானியம் சேத்தாங்க. அதுல இருக்கிற 2லேருந்து 4 வயசுப் பிள்ளைங்க கிட்ட பருமன் 2010ல 15.9 சதவீதமா இருந்தது 2016ல 13.9க்கு இறங்கிடுச்சு. அது ஒண்ணாலதான் இறங்குச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா அதுக்குள்ள நாடு பூரா அம்மாமாரு மனசைக் கழட்டி வேற மாட்டிட்டாங்களா என்ன? அம்மாங்க அதே ரகந்தான், பையில விழுந்த பொருள்தான் வேற.

அடிச்சிட்டீங்களா மணிய, சரிங்கய்யா. அடுத்து வர்ற எதிரணித் தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு உக்காந்துடுறேன். அந்த அப்பா அன்னிக்கு வாழைப்பழத்தைக் கூடையில வச்சுட்டு வேற எந்தக் கடைக்குப் போயிருக்கணும், போக எத்தனை மைல், வர எத்தனை மைல், அதை மொதல்ல சொல்லிட்டு அப்புறம் காக்கா கதைக்கு வரச் சொல்லுங்க.