பெருவிரலால் பிடித்த பிரேக்

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்துக்கோ, கொழும்பிலிருந்து களுத்துறைப் பக்கம் இருக்கும் கட்டுகுருந்தை ஓடுபாதைக்கோ போய்வந்த இளைஞர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். மோட்டார் சைக்கிள் பந்தயத்தையே தொழிலாகக் கொண்டவரிடம் வேகம் இருப்பது இயல்பு; உடைந்த உடம்போடு வேலை செய்யப் பழகுவதுதான் அத்தொழிலின் கடினமான பகுதி என்பது என் கருத்து.

அவுஸ்திரேலியரான மிக் டூஹான் 1989இல் ஹொண்டா அணிக்காக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் அன்றைய உச்சப் பிரிவான 500 சீசீ உலக சம்பியன்ஷிப்பில் இறங்கினார். 1992இல் புள்ளிப் பட்டியலில் வெகுதூரம் முன்னே நின்றபோது, நெதர்லாந்தின் அசென் ஓடுபாதையில் பயிற்சி ஓட்டத்தில் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் காலையே துண்டிக்க நேரலாம் என்றிருந்த வேளையில், இத்தாலிய வைத்தியர் குளோடியோ கொஸ்டா அவரைப் பொறுப்பேற்று, இரத்த ஓட்டம் குன்றியிருந்த அந்தக் காலைக் காப்பாற்றுவதற்காக இரு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவைத்தார். கடைசி இரு ஓட்டங்களுக்குத் திரும்பிவந்த டூஹான், நான்கே புள்ளிகளால் பட்டத்தை அமெரிக்க ஓட்டுநர் வெய்ன் ரெய்னியிடம் இழந்தார்.

பின்சக்கர பிரேக்கை வலது பாதத்தால் மிதிப்பதே வழக்கம். டூஹானின் கணுக்கால் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே இடது கைப்பிடியருகே சிறு நெம்பு ஒன்றைப் பொருத்தி, பெருவிரலால் தள்ளிப் பிரேக் பிடிக்கப் பழகினார். வலப்பக்க வளைவில் வண்டி தரையோடு சாயும்போது, பாதத்துக்கும் தார்த்தரைக்கும் இடையில் மிதிக்க இடமே இராது. நல்ல கால் உள்ளவர்களும் அங்கே திணறுவார்கள். முடியாமையால் பிறந்த அந்த ஏற்பாட்டை 500 சீசீ பிரிவின் இடத்துக்கு வந்த இன்றைய உச்சப் பிரிவான மோட்டோஜிபியின் ஓட்டுநர் பலர் விரும்பியே பயன்படுத்துகிறார்கள். டூஹான் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை சம்பியனானார். 1997இல் மட்டும் 15 ஓட்டங்களில் 12 வெற்றிகள். 1999இல் ஸ்பெயினின் ஜெரெஸில் மீண்டும் விழுந்த பின் ஓய்வு பெற்றார்.

அதே ஜெரெஸில் 2020இல் ஸ்பானிய மோட்டோஜிபி ஓட்டுநர் மார்க் மார்க்கெஸ் வலது மேற்கை எலும்பை முறித்துக்கொண்டு, சத்திரசிகிச்சை முடிந்த அதே வாரத்திலேயே மீண்டும் வண்டியேறிப் பார்த்தார். அந்த அவசரத்தை வீரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கைக்கு மொத்தம் நான்கு சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டன. பந்தயத்தில் இறங்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோரே, வண்டியின் விலையை விசாரிக்கும்போதே, விழுந்தால் பார்க்கப்போகும் வைத்தியர் யார், எத்தனை மாதம் ஓய்வெடுக்க விடுவார்கள் என்பதையும் விசாரியுங்கள். 2025இல் ஜப்பானின் மொட்டெகியில் மார்க்கெஸ் மீண்டும் உலக சம்பியனானார். அடுத்த வாரமே இந்தோனேசியாவில் மற்றொருவருடன் மோதி விழுந்து, தோளில் அடிபட்டு, எஞ்சிய ஓட்டங்களில் கலந்துகொள்ளாமல் ஓய்வெடுத்தார்.