இரண்டு எஞ்சினும் சேர்ந்து எழும்வரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

விமானம் ஓடுபாதையின் முனையில் வந்து நின்றதும் எஞ்சின் இரைச்சல் கொஞ்சம் உயரும், சில நொடி அப்படியே நிற்கும், பிறகுதான் முழு வீச்சில் சீறும். பயணம் செய்தவர்கள் கேட்டிருப்பீர்கள். ஏதோ கோளாறோ என்று அஞ்சுபவர்களும் உண்டு. விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சில நொடிகளை அவசரத்தில் விழுங்கிவிடும் விமானியைக் கண்டுதான் எனக்கு அச்சம்.

ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு ஜெட் எஞ்சின்கள்கூட ஒன்றுபோல விசை பிடிப்பதில்லை. ஒன்று சற்றுத் தேய்ந்திருக்கும், மற்றது அண்மையில் மாற்றியதாக இருக்கும். அதோடு, குறைந்த சுழற்சியில் இருக்கும் ஜெட் எஞ்சின் மந்தமாகத்தான் வேகமெடுக்கும். அந்த நிலையில் எரிபொருளை அள்ளிக் கொட்டினால் உள்ளே காற்றோட்டம் நிலைகுலைந்துவிடும் என்பதால் கட்டுப்பாட்டுக் கருவி அளந்து அளந்துதான் விடும். ஓரளவு சுழற்சி ஏறிய பிறகோ மளமளவென்று விசை கூடும். ஆகவே விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்களை, எஞ்சினுக்கு ஒன்றாக இருப்பவற்றை, ஒரேயடியாக முன்னே தள்ளினால், முந்திக்கொண்ட எஞ்சின் பாய்ந்து ஏறும்போது மற்றது இன்னும் கீழேயே கிடக்கும்.

போயிங் 737 விமானத்தில் எஞ்சின்கள் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் தள்ளி இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் பல டன் விசை தள்ளினால் மூக்கு மறுபக்கம் திரும்பும். அதை எதிர்க்க வேண்டிய வால் சுக்கானுக்குக் காற்றின் வேகம் தேவை. ஓடத் தொடங்கும்போது அது ஏது? மூக்குச் சக்கரம் ஒன்றுதான் துணை. மழையில் நனைந்த ஓடுபாதையில் அதற்கும் பிடிமானம் குறைவு.

அதனால்தான் விசையை இரண்டு கட்டமாகக் கொடுக்கிறோம். 737 விமானத்தில் எஞ்சினின் முன்புற விசிறிச் சுழற்சி சுமார் 40 சதவீதம் வரை, பல ஏர்பஸ் ஏ320 விமானங்களில் சுமார் 50 சதவீதம் வரை ஏற்றி, இரண்டும் ஒரே அளவில் நிலைத்தனவா என்று பார்த்த பிறகே முழு விசை. பயிற்சியில் இரண்டு எஞ்சின்களும் காட்டும் எண்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். பார்த்துவிட்டதாகக் கண் நினைத்துக்கொள்ளும். வாய் சொல்ல வேண்டுமென்றால் உண்மையாகவே பார்த்தாக வேண்டும்.

அப்படியும் மூக்கு ஒரு பக்கம் இழுத்தால்? வேகம் குறைவாக இருக்கும்வரை வழி ஒன்றுதான்: இரண்டு நெம்புகோல்களையும் முழுவதும் பின்னுக்கு இழுத்து விமானத்தை நிறுத்துவது. பின்தங்கியதை மட்டும் தள்ளி ஈடுகட்டப் பார்க்கக் கூடாது. ஓட்டத்தை நிறுத்தலாமா என்று முடிவெடுக்கக் கடைசி எல்லையான 'வி1' என்னும் வேகத்தைத் தொடும்வரை தலைமை விமானியின் கை நெம்புகோல்களின் மேலேயே இருக்கும். அதைத் தாண்டினால் கையை எடுத்துவிடுவார். அதன்பின் ஓர் எஞ்சின் நின்றாலும் மேலெழுவதுதான் முறை. சுக்கான் மிதியை அழுத்தி மூக்கை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். எந்த எஞ்சின் என்று ஆராய்வதற்கு மேலே நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளாததன் விலையைத் தைவானின் தைபே நகரம் கண்டது. 2015 பிப்ரவரி 4 அன்று சோங்ஷான் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய டிரான்ஸ்ஏசியா 235, ஏடிஆர் 72 வகை விமானம். மின் இணைப்புக் கோளாறால் வலப்பக்கப் புரொப்பெல்லர் தானாகவே உந்துவதை நிறுத்திக்கொண்டது. இடப்பக்க எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. விமானி குறைத்ததும், பின்னர் அணைத்ததும் அந்த நல்ல எஞ்சினைத்தான். எச்சரிக்கை ஒலித்து ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் விமானம் கீலுங் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தனர்.

2021 ஜனவரி 9 அன்று ஜகார்த்தாவில் நடந்தது வேறு விதம். ஸ்ரீவிஜயா ஏர் 182 மேலேறும்போது விசையைக் குறைக்க முயன்ற தானியங்கியால் (நெம்புகோல்களைத் தானே நகர்த்தும் கருவி) வலது நெம்புகோலை நகர்த்த முடியவில்லை. ஈடுகட்டுவதற்காக இடது நெம்புகோலையே மேலும் மேலும் பின்னுக்கு இழுத்தது. இந்த வேறுபாடு மெல்ல மெல்ல வளர்ந்ததை இரு விமானிகளும் கவனிக்கவில்லை. வலப்புறம் திரும்ப வேண்டிய விமானம் இடப்புறம் கவிழ்ந்து கடலில் விழுந்தது. அதிலிருந்த 62 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இதனால்தான் தானியங்கி இயங்கினாலும், மேலேறி முடிக்கும்வரை ஒரு கை நெம்புகோல்களை ஒட்டியே இருக்கட்டும் என்று 737 ஓட்டுபவர்களிடம் வற்புறுத்துகிறேன். ஒன்று நகர்ந்து மற்றது நகராவிட்டால் உள்ளங்கை உடனே சொல்லிவிடும். ஏ320 போன்ற விமானங்களில் தானியங்கி நெம்புகோலை நகர்த்துவதில்லை. அங்கே விசை காட்டும் திரையை அடிக்கடி பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

நன்றி. வணக்கம்.