பழைய பேரிங்கை இப்போதே தூக்கி எறியாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

லாரிகளின் பின் ஆக்சிலைப் பிரித்து மாட்டுவதுதான் என் வேலை. போனில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது ஒரே கேள்வி: "பின் சக்கரம் ஊளை விடுது. பேரிங் போயிடுச்சு. இந்த வண்டிக்கு என்ன நம்பர்?" வண்டியின் பெயரைச் சொல்லிவிட்டு நம்பருக்காகக் காத்திருப்பார்கள். தெரியாது என்பேன். இத்தனை வருஷமாக இதையே செய்கிறவருக்குத் தெரியாதா என்பதுபோல் மறுமுனையில் ஒரு மௌனம்.

உண்மையாகவே தெரியாதுதான். ஒரே பெயர், ஒரே வருடத்து வண்டி என்றாலும், எவ்வளவு பாரம் ஏற்றும் வண்டி என்பதைப் பொறுத்து ஆக்சில் மாறும். போதாக்குறைக்கு, முன்பு வைத்திருந்தவர் ஆக்சிலையே மாற்றியிருக்கலாம். ஹவுசிங்கின், அதாவது ஆக்சிலை மூடியிருக்கும் கூட்டின், மேலிருக்கும் சேற்றைச் சுரண்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தகடோ பொறித்த எண்ணோ தென்படும். அது ஆக்சிலின் மாடல் எண். வண்டியின் பெயரைவிட அது நம்பகமானது. அதையும்விட நம்பகமானது, நீங்கள் கழற்றிக் கையில் வைத்திருக்கிற பழைய பேரிங். அதைக் கழுவுவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் வைத்து, இடதா வலதா, உள் பேரிங்கா வெளி பேரிங்கா என்று எழுதிவிடுங்கள். வாங்க வேண்டியது எது என்பது கடையில் முடிவாகும் விஷயம் இல்லை. அந்தத் தாளில்தான் முடிவாகிறது.

முதலில் போனது எந்த பேரிங்? பின் ஆக்சிலில் பேரிங் என்பது ஒன்றிரண்டு இல்லை. பெரிய லாரியில் சக்கரத்தின் நடுக்குடமான ஒவ்வொரு ஹப்பிலும் இரண்டு, இன்ஜினின் சுழற்சியை ஆக்சிலுக்குள் கொண்டுவரும் பினியன் ஷாஃப்ட்டில் இரண்டு அல்லது மூன்று, அதை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் ஒவ்வொன்று. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தம், விட்டால் வேறு சத்தம் என்றால் பினியன் பக்கம் பாருங்கள். வளைவில் திரும்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் பெரும்பாலும் ஹப். இன்று ஹப்பைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன். தவறு அதிகம் நடப்பது அங்கேதான்.

பெரிய லாரிகளில் இருப்பது ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில். வண்டியின் பாரம் ஆக்சில் ஷாஃப்ட்டில் விழாது. ஹவுசிங்கின் முனையில் இருக்கும் ஸ்பிண்டிலில் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் உட்கார்ந்து ஹப்பைத் தாங்கும்; ஷாஃப்ட் சுழற்றும் வேலையை மட்டும் செய்யும். டேப்பர் பேரிங் என்றால், ரோலர்களோடு இருக்கும் உள்பகுதி கோன், ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளிவளையம் கப். ரோலர்கள் சாய்வாக இருப்பதால் மேலிருந்து அழுத்தும் பாரத்தையும் பக்கவாட்டில் தள்ளும் பாரத்தையும் ஒருசேரத் தாங்கும். ஹென்றி டிம்கன் 1898-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் குதிரைவண்டி கட்டிக்கொண்டிருந்தவர். வளைவில் வண்டி திரும்பும்போது அச்சு படும் பாட்டைப் பார்த்த கண் அது.

இனி நம்பருக்கு வருகிறேன். மெட்ரிக் பேரிங்கில் 32215 என்று பொறித்திருக்கிறது என்று வையுங்கள். கடைசி இரண்டு இலக்கம் 15. அதை 5-ஆல் பெருக்கினால் 75. உள்துளை 75 மில்லிமீட்டர். இது பலருக்கும் தெரியும். முன்னால் நிற்கிற இலக்கங்களைத்தான் கண்டுகொள்வதில்லை. நானும் ஒரு காலத்தில் கண்டுகொள்ளாதவன்தான்.

தொழில் கற்றுக்கொண்டிருந்த நாட்கள். ஓர் உள் பேரிங்கின் நம்பர் துருவில் பாதி மறைந்து, '215' மட்டும் தெரிந்தது. வெர்னியரை எடுத்து அளந்தேன். துளை 75, வெளிவிட்டம் 130. கடையில் சொன்னேன், 30215 கொடுத்தார்கள். கப் கச்சிதமாக இறங்கியது, கோன் ஸ்பிண்டிலில் வழுக்கிக்கொண்டு ஏறியது. எனக்கு ஒரே பெருமை. சக்கரத்தைச் சுற்றினால் பிரேக் டிரம் பின்தகட்டில் கறகறவென்று உரசுகிறது. "அண்ணே, அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். மூத்த மெக்கானிக் பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு ஸ்கேலைக் கிடத்தினார். ஸ்கேல் சாய்ந்து நின்றது. "அகலத்தை யாருடா அளப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

30215-ன் மொத்த அகலம் 27.25 மில்லிமீட்டர். 32215-க்கு 33.25. அதே துளை, அதே வெளிவிட்டம் கொண்ட 33215 என்று ஒன்று இருக்கிறது, அதன் அகலம் 41. மூன்றும் ஒரே ஹப்பில் நுழையும், ஒன்றுதான் பொருந்தும். 6 மில்லிமீட்டர் ஒல்லியான பேரிங்கைப் போட்டதால் ஹப் மொத்தமும் 6 மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது. டிரம்மும் கூடவே போனது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலின் உதடும் தன் இடத்தை விட்டு நகர்ந்திருந்தது. டிரம் உரசிச் சத்தம் போட்டதால் பிழைத்தேன். அது மட்டும் உரசாமல் இருந்திருந்தால் வண்டியை அப்படியே அனுப்பியிருப்பேன்.

அங்குல அளவு பேரிங் வேறு ஜாதி. அதில் கோனுக்குத் தனி நம்பர், கப்புக்குத் தனி நம்பர். ஒரே கோன், வெளிவிட்டம் மாறுபட்ட வேறு வேறு கப்புகளோடு ஜோடி சேரும். ஆகவே கோனின் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டு போனால் பாதி விலாசத்தோடு கடிதம் போட்ட கதைதான். கப் ஹப்புக்குள் இருக்கும்போதே அதன் முகத்தைத் துடைத்து நம்பரைப் படித்துக்கொள்ளுங்கள். தட்டி வெளியே எடுக்கும்போது அது நசுங்கிப்போக வாய்ப்புண்டு. நம்பருக்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்து கூடியிருந்தால், 'அது கிடக்கட்டும்' என்று விடாதீர்கள். சில சமயம் அந்த எழுத்து சொல்வது மூலையின் வளைவை. ஸ்பிண்டிலில் பேரிங் முட்டி நிற்கும் தோள் இருக்கிறதே, அதன் அடியில் ஒரு வளைவு விட்டுக் கடைந்திருப்பார்கள். கோனின் மூலை அதைவிடக் கூராக இருந்தால், கோன் தோளில் போய் உட்காராது, வளைவின் மேல் ஏறி நிற்கும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சில நூறு கிலோமீட்டரில் லூஸ் ஆகிவிடும்.

நம்பர் மொத்தமாகவே அழிந்துவிட்டதா? அளக்கலாம், ஆனால் வெர்னியரோடு நிறுத்தாதீர்கள். கால், அரைக்கால் என்று கணக்குப் போடும் அங்குல உலகத்தில் 1⅜ அங்குலத் துளை என்பது 34.925 மில்லிமீட்டர். மெட்ரிக்கில் 35 இருக்கிறது. தேய்ந்த வெர்னியர் இரண்டையும் 35 என்றே சொல்லும். 35-ஐ 34.925 ஸ்பிண்டிலில் போட்டால் சுலபமாக ஏறும், ஏறிய பிறகு உள்வளையம் தானே சுழல ஆரம்பித்து ஸ்பிண்டிலைத் தின்னும். ஸ்பிண்டிலை மைக்ரோமீட்டரில் அளந்து முடிவு செய்யுங்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இது புதுவகை ஹப்புகளில். சிலவற்றில் உள் பேரிங்குக்கும் வெளி பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு, ஸ்பேசர், இருக்கும். அந்த ஹப்பில் பிளே, அதாவது பேரிங்குக்கு விடும் சிறு ஆட்டம், வைப்பது மெக்கானிக்கின் கை அல்ல. ஸ்பேசரின் நீளமும் பேரிங்குகளின் அகலமும் சேர்ந்து தொழிற்சாலையிலேயே அதை முடிவு செய்துவிட்டன. அதற்கான பேரிங்குகளை வழக்கத்தைவிட நெருக்கமான அளவுத் துல்லியத்தில் செய்கிறார்கள். சாதாரண பேரிங் அதே நம்பரில் கிடைக்கும், அழகாக உட்காரவும் செய்யும். ஆனால் அகலத்தில் நூலிழை வித்தியாசம் இருந்தாலும் இறுக்கிய பின் ஒன்று பிளே அதிகமாகும், இல்லையென்றால் பேரிங் நசுங்கிச் சூடாகும். ஸ்பேசர் வந்து விழுந்தால் ஹப் தயாரித்தவரின் பட்டியலில் இருக்கும் பேரிங்கைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள்.

சிறிய லாரிகளிலும் பிக்கப்களிலும் செமி ஃப்ளோட்டிங் ஆக்சில் வரும். அங்கே பாரமும் ஷாஃப்ட்டின் மேல்தான். சிலவற்றில் பேரிங்குக்கு உள்வளையமே கிடையாது, ரோலர்கள் நேராக ஷாஃப்ட்டின் மேலேயே உருளும். ஆகவே பேரிங்கோடு ஷாஃப்ட்டையும் பாருங்கள். நகத்தை வைத்து இழுத்தால் பள்ளம் தட்டுப்பட்டால் புது பேரிங் வாங்குவது வீண். ரோலர்களைச் சற்றுத் தள்ளி, தேயாத இடத்தில் உருள வைக்கிற ரிப்பேர் பேரிங் ஒன்று கடையில் கிடைக்கிறது. அவசரத்துக்கு ஆகும். பாரம் ஏற்றி ஓடுகிற வண்டிக்கு நான் ஷாஃப்ட்டைத்தான் மாற்றுவேன்.

இப்போது பழைய பேரிங்கைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உருளும் பாதை செதில் செதிலாகப் பொரிந்திருந்தால் பாரமோ வயதோ காரணம். நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் இல்லாமல் வெந்திருக்கிறது, அல்லது நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். ரோலர்களின் இடைவெளிக்குச் சரியாகத் துருக்கோடுகள் வரிசையாக விழுந்திருந்தால், தண்ணீர் புகுந்த வண்டி நாள் கணக்கில் நின்றிருக்கிறது, சீல் சரியில்லை. பொடிப்பொடியான எரிந்த புள்ளிகள் இருந்தால், யாரோ வண்டியில் வெல்டிங் வைத்தபோது எர்த் கம்பியைத் தப்பான இடத்தில் மாட்டி, கரன்ட் பேரிங் வழியாகப் போயிருக்கிறது. கப் ஹப்புக்குள் சுழன்று பளபளவென்று தேய்ந்திருந்தால் வாங்க வேண்டியது பேரிங் இல்லை, ஹப்.

பாரம் என்றேன். ரோலர் பேரிங்கின் ஆயுள் கணக்கில் பாரம் பத்தின் கீழ் மூன்று, அதாவது 10/3 என்ற அடுக்கில் வருகிறது. பாரத்தை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் பத்தில் ஒரு பங்காகிறது. வெறும் 20 சதவீதம் கூட ஏற்றினாலே ஏறக்குறைய பாதி ஆயுள் போய்விடும். "இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். ஹப்பின் அளவு கடைந்து முடிந்துபோன ஒன்று. அதற்குள் பெரிய பேரிங் போக இடமில்லை.

டூப்ளிகேட் பற்றிக் கேட்பீர்கள். பெட்டியைப் பார்த்து நம்பாதீர்கள், அச்சடிப்பது சுலபம். பேரிங்கின் முகத்தில் எழுத்து சீராக, ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். அழித்துத் தேய்த்த சுவடு தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் பெட்டியில் உள்ள குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கச் செயலி வைத்திருக்கிறார்கள், பயன்படுத்துங்கள். கோனையும் கப்பையும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து ஜோடியாகவே வாங்குங்கள். பழைய கப்பை விட்டுவிட்டுக் கோனை மட்டும் மாற்றுவது, தேய்ந்த தண்டவாளத்தில் புதுச் சக்கரம் ஓட்டுகிற வேலை. ஆயில் சீல் மறுபேச்சில்லாமல் புதிது.

மாட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்பேசர் இல்லாத ஹப்பில் நட்டை, ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இலேசாக இறுக்கி, தயாரிப்பாளர் சொன்ன அளவு பின்வாங்க வேண்டும். கடைசியில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். பெரிய லாரிகளின் ஹப்பில் பொதுவாக வைக்கும் எண்ட் பிளே, அதாவது உள்ளும் வெளியுமாக ஆடும் ஆட்டம், 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர். கையால் ஆட்டிப் பார்த்து இதைச் சொல்ல முடியும் என்பவரோடு நான் வாதாடுவதில்லை, கேஜை நீட்டிவிடுவேன். பினியன் பேரிங்குக்கு இந்தக் கணக்கு ஆகாது. அதற்குப் பிளே கூடாது, பிரீலோடு, அதாவது முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தம், வேண்டும்.

கியர் ஆயிலில் ஓடும் ஹப்பாக இருந்தால், மாட்டிய கையோடு வண்டியை எடுத்துவிடாதீர்கள். ஆயில் ஹவுசிங்கில்தான் இருக்கும், ஹப் காய்ந்து கிடக்கும். பேரிங்குக்கு மாட்டும்போதே ஆயில் பூசிவிட்டு, ஒரு பக்கத்தை 15 சென்டிமீட்டர் அளவுக்கு ஜாக்கியில் தூக்கி ஒரு நிமிடம் வைத்தால் எதிர்ப்பக்க ஹப்புக்கு ஆயில் இறங்கும். பிறகு மறுபக்கம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, குறைந்த ஆயிலை ஊற்றிவிடுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் இரண்டு ஹப்புக்கும் அருகில், தொடாமல், அடுத்தடுத்துக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். அதுவரை, நம்பர் எழுதிய அந்தத் தாளில் சுற்றிய பழைய பேரிங் டூல் பெட்டியிலேயே கிடக்கட்டும். வணக்கம்.