கஷ்டத்துக்குக் கட் ஆஃப் கிடையாது

(முதலாமாண்டு மாணவர்களுக்கான கூட்டம் ஒன்றில் பேசியது. எழுதும்போது சில கிளைக்கதைகளை வெட்டிவிட்டேன், பேச்சின் போக்கை மாற்றவில்லை.)

எல்லோருக்கும் வணக்கம். தலைப்பு மனநலம் என்று அறிவித்ததுமே பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துவிட்டீர்கள், மேடையிலிருந்து பார்த்தால் அது நன்றாகவே தெரிகிறது. பரவாயில்லை. மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள், காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போக ஒரு ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைச் சொல்ல நான் வரவில்லை.

மாணவர் ஆலோசனை அறையில் வேலை பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "சார், எனக்கு அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை." அதைச் சொல்கிறவர் பல வாரமாக வகுப்புப் பக்கமே போகாதவராக இருப்பார், அல்லது விடியும்வரை தூக்கம் வராமல் படுத்துக்கிடப்பவராக இருப்பார், அல்லது சாப்பாட்டு மேசையில் யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே எல்லோரும் போன பிறகு சாப்பிடப் போகிறவராக இருப்பார். ஆனாலும் நிஜமாகவே கஷ்டப்படுகிற யாரோ ஒருவருடைய நேரத்தைத் தான் பிடுங்கிக்கொண்டதாக ஒரு சங்கடம் அவருக்கு. இதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. இந்த இருக்கையில் வந்து உட்காரும்வரை கட் ஆஃப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். அந்தப் பழக்கத்தில் துன்பத்துக்கும் ஒரு கட் ஆஃப் வைத்துக்கொள்கிறீர்கள், அதைத் தாண்டினால்தான் உதவி கேட்கத் தகுதி வரும் என்று. எனக்கு இன்று இருக்கும் நேரம் முழுவதையும் இந்த ஒரு எண்ணத்தோடு சண்டை போடத்தான் செலவழிக்கப் போகிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் மனநல ஆய்வுத் திட்டத்தில் 8 நாடுகள், 19 பல்கலைக்கழகங்கள், கிட்டத்தட்ட 14,000 முதலாண்டு மாணவர்கள் என்று எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2018-இல் வெளிவந்தது. மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் மாதிரியான பரவலான பிரச்சினைகளில் ஒன்றாவது வாழ்க்கையில் எப்போதாவது இருந்ததாக 35 சதவீதம் பேரின் பதில்கள் காட்டின. கடந்த 12 மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 31 சதவீதம். கேள்வித்தாள் வழியாக வந்த கணக்கு இது, மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்னது இல்லை, ஆகவே கொஞ்சம் முன்னேபின்னே இருக்கலாம். இருந்தாலும் மூன்றில் ஒருவர் என்பது சின்ன விஷயமா?

இதைக் கேட்டதும் பெரியவர்கள் சிலர் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை" என்பார்கள். அவர்களுக்காக இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் 18 வயது முதல் முதியவர்கள் வரை கேட்டு 2005-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வாழ்நாளில் வரும் மனநலப் பாதிப்புகளில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவதாகத் தெரியவந்தது. அதில் பதில் சொன்னவர்களில் தாத்தா பாட்டிகளும் அடக்கம். அதாவது வீட்டை விட்டு வெளியே வருவது, புது ஊர், புது ஆட்கள், பணக் கவலை, முதல் காதல், முதல் தோல்வி எல்லாம் வந்து சேர்கிற அதே வயதில்தான் இந்தப் பாதிப்புகளும் தலைகாட்டுகின்றன.

சரி, மூன்றில் ஒருவர் என்றால் உங்கள் வரிசையிலேயே சிலர் இருக்க வேண்டுமே, ஏன் கண்ணில் படவில்லை? ஏனென்றால் மற்றவர்களும் உங்களை மாதிரியே மறைக்கிறார்கள். உங்கள் உள்ளே நடப்பது முழுவதும் உங்களுக்குத் தெரியும், அடுத்தவர் விஷயத்தில் அவர் காட்ட விரும்பியது மட்டும்தான் தெரியும், இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தோற்பது எப்போதும் நீங்கள்தான். 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், நன்றாகப் படித்து முன்னேறிய பெண்கள் பலர் "நான் தெரியாத்தனமாக இங்கே வந்துவிட்டேன், என்றைக்காவது ஒருநாள் எல்லோருக்கும் குட்டு வெளிப்படும்" என்ற பயத்தோடேயே வாழ்வதைப் பதிவு செய்தார்கள். ஆண்களிடமும் அது இருப்பது பிறகு தெரிந்தது. முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறவர்கள் இங்கே யாராவது இருந்தால், கைடின் அறைக்கு வெளியே கதவைத் தட்டாமல் நின்ற நேரத்தை நினைத்துப் பாருங்கள், மேலே விளக்க வேண்டியதில்லை.

இப்போது கொஞ்சம் நிதானமாக ஒரு விஷயத்தைப் பார்க்கலாம், ஏனென்றால் என் கருத்தில் மாணவர்களை அதிகம் கவிழ்ப்பது இதுதான். ஒரு அசைன்மென்ட் கொடுக்கவில்லை. பெரிய காரணம் எதுவும் கிடையாது, அந்த வாரம் முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பேராசிரியர் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது, ஆகவே அந்த வகுப்புக்கு மட்டும் போகவில்லை. போகாமல் அறையில் இருந்தது ஒரு மணி நேர நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் கவனிக்க வேண்டும். எதைத் தவிர்த்தால் பயம் குறைகிறதோ அதையே அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்லி மூளை பழகிக்கொள்கிறது. அடுத்த வாரம் இரண்டு வகுப்பு. அப்புறம் அட்டெண்டன்ஸ் குறைவதாகத் துறையிலிருந்து கடிதம், அதைத் திறக்கவில்லை. வீட்டிலிருந்து போன், எடுக்கவில்லை, எடுத்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும். பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால் யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் தூக்கமும் தலைகீழாகிறது. ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எதிரே மலை மாதிரி நிற்கிறது, ஆனால் ஆரம்பம் ஒரு அசைன்மென்ட். இதில் எந்த இடத்தில் அவர் "அந்த அளவுக்கு" கஷ்டப்பட ஆரம்பித்தார், சொல்லுங்கள் பார்க்கலாம். கோடு எதுவும் இல்லை. முதல் வாரத்தில் வந்திருந்தால் ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும். தகுதி வரட்டும் என்று காத்திருந்த ஒவ்வொரு வாரமும் வேலையை இரட்டிப்பாக்கியது, அதுதான் நடந்தது.

தள்ளிப்போடுவதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டிலும் சொல்வார்கள், நீங்களும் உங்களைப் பார்த்துச் சொல்லிக்கொள்வீர்கள். ஆராய்ச்சியாளர்கள் பலர் அதை வேறு மாதிரி பார்க்கிறார்கள்: அந்த வேலையைத் தொட்டால் வரும் பயம், சலிப்பு, அவமானம் ஆகியவற்றிடமிருந்து தப்பிக்கும் வழியாக. கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட முதலாண்டு மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். 119 பேரை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்குப் பிடித்த ஆய்வு. தன்னைத்தானே திட்டிக்கொண்டால்தான் உருப்படுவோம் என்று நம்புகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், இத்தனை வருடம் திட்டிப் பார்த்தாயிற்றே, என்ன ஆயிற்று என்று யோசியுங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. உங்கள் வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்தள்ளித்தான் ஓடும், இரவு பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது ஒழுக்கக்கேடு கிடையாது. ஆனால் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படிப்பது நஷ்டக் கணக்கு, படித்தது மனதில் நிலைப்பதற்கான வேலையில் முக்கியமான பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. காபியில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே பொதுவாக ஐந்து மணி நேரம் பிடிக்கும், மாலை ஆறுக்குக் குடித்தால் இரவு பதினொன்றுக்கும் பாதி உள்ளேதான் இருக்கிறது. இதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். வருடத்தில் ஒருநாள் மனநல தினம் என்று பலூன் கட்டிவிட்டு, அதே வாரத்தில் நான்கு துறைகளும் ஒரே நாளில் ரெக்கார்ட் நோட்டைக் கேட்டால் அந்த பலூனுக்கு அர்த்தமில்லை. எல்லாவற்றையும் மாணவரின் மன உறுதியில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். கடைசித் தேதிகளை ஒருவருக்கொருவர் கலந்து பேசி வைப்பது, தவறவிட்டவர் திரும்பி வர ஒரு வழி விட்டுவைப்பது, எல்லோர் முன்னாலும் மதிப்பெண்ணை வாசிக்காமல் இருப்பது எல்லாம் மனநலப் பணிதான், இதற்குக் கவுன்சிலர் தேவையில்லை.

சீனியர்களுக்கும் வேலை இருக்கிறது. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்குச் சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். "வந்த புதிதில் இது எனக்கான இடமில்லை என்று எல்லோருக்கும் தோன்றும், போகப்போகச் சரியாகும்" என்பதுதான் சாரம். அதைத் தங்கள் சொந்த அனுபவத்தோடு சேர்த்து எழுதச் சொன்னார்கள். மொத்தம் ஒரு மணி நேரம். அதற்குப் பிறகான மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியானது. எல்லா இடத்திலும் இதே அளவுக்குப் பலித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜூனியர்களிடம் உங்கள் அரியரைப் பற்றியும், அழுத நாளைப் பற்றியும் பேச என்ன செலவு? பிளேஸ்மென்ட் கதையை மட்டும்தானே சொல்கிறீர்கள்.

அப்படியானால் எது வெறும் கவலை, எது நோய்? மருத்துவர்கள் மனச்சோர்வைக் கணிக்கும்போது, இரண்டு வாரமாவது, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கிறதா, பிடித்த விஷயங்கள்கூடச் சுவைக்காமல் போய்விட்டதா என்று பார்ப்பார்கள். கூடவே தூக்கம், பசி, கவனம், உடம்பின் சுறுசுறுப்பு, தன்னைப் பற்றிய எண்ணம், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றைக் கேட்பார்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் கிட்டத்தட்ட இதே மாதிரி சோர்வைக் கொடுக்கும், அதனால் ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், நான்கு நாளில் ஒன்றும் ஆகவில்லை என்றோ, நன்றாகிவிட்டது என்றோ நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அந்த இரண்டு வாரக் கணக்கு மருத்துவரின் நோட்டில் இருக்க வேண்டியது. எங்கள் ஆலோசனை அறைக் கதவைத் தட்ட இரண்டு நாள் போதும், காதல் முறிந்த அன்றே வந்தாலும் சரி, எதுவென்று சொல்லத் தெரியாமல் வந்தாலும் சரி.

தற்கொலையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடித்தால் அது கோழைத்தனம். நண்பர் ஒருவர் "நான் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்கிற மாதிரி பேசினால், விளையாட்டாகச் சொன்னாலும், நேரடியாகக் கேளுங்கள்: "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை என்பதுதான் இதுவரை நடந்த ஆய்வுகள் சொல்வது, பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. ஆமாம் என்றால் உபதேசம் வேண்டாம், அம்மா அப்பாவை நினைத்துப் பார் என்று குற்ற உணர்ச்சியைக் கூட்டவும் வேண்டாம். தனியே விடாதீர்கள். ஹாஸ்டல் வார்டனிடமோ, கவுன்சிலரிடமோ, நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ கூடவே போங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தால் அந்தச் சத்தியத்தை மீறுங்கள். அவர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். அதே நேரம் ராத்திரி பகலாக நீங்களே அவருக்கு வைத்தியராக இருக்க முயலாதீர்கள், இருபது வயதில் ஒரு ஆளால் தாங்கக்கூடிய பாரம் இல்லை அது.

கடைசியாக, வந்தால் என்ன நடக்கும் என்று தெரியாததால் வராதவர்களுக்காக. முதல் சந்திப்பில் பெரும்பாலும் நீங்கள் பேசுவீர்கள், எதிரில் இருப்பவர் கேள்வி கேட்பார், அவ்வளவுதான். சோபாவில் படுக்கச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்ற நிலை மாதிரியான சில விதிவிலக்குகள் உண்டு, அவை என்னென்ன, யார் கண்ணில் எந்தப் பதிவு படும் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த ஆலோசகர் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள், வருத்தப்பட்டால் அது அவருடைய பிரச்சினை.

நேரம் கேட்டு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியாமல் அழித்து அழித்து எழுதி, கடைசியில் அனுப்பாமலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: "கொஞ்ச நாளாகச் சரியாக இல்லை. பேச நேரம் வேண்டும். இந்த வாரம் எப்போது வரலாம்?" பெயர், துறை. காரணம் எழுத வேண்டாம், மன்னிப்புக் கேட்டு எழுதவும் வேண்டாம். மூன்று நாளில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை அனுப்புங்கள், நேரில் வந்து கதவைத் தட்டுங்கள். சரி, கேள்விகளுக்கு வருவோம். எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் துண்டுத்தாளில் பெயர் போடாமல் எழுதிக் கொடுங்கள், ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.