கடல் தாண்ட வேண்டாம், கேரவன் போதும்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாமல் பாளையங்கோட்டைத் திடலில் உட்கார்ந்திருக்கும் நெல்லைச் சீமை மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு விடுமுறை இனிப்பது வெளிநாட்டிலா, கட்டிலும் சமையலும் கூடவே வரும் உள்நாட்டுக் கேரவன் வண்டியிலா? இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணாச்சி மூன்று கேள்விகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பத்து நாள் நாயை விடுதியில் விட்டால் என்ன கெட்டுப்போகும்? நம்ம ஊர் வெயிலில் கேரவன் தகர அடுப்புதானே? பிறந்ததிலிருந்து பார்த்த ஊரில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கு? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

அதற்கு முன் எதிரணி அக்கா சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். "நாயையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனால் போச்சு" என்றார். ஏற்றிப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்து நாடு ஒன்றுக்கு இந்தியாவிலிருந்து நாய் போக வேண்டுமானால், முதல் வேலை தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் ஊசி. சிப் பொருத்துவதற்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் சேராது. ஒழுங்காக ஊசி போட்டு வைத்திருக்கிறவர்களின் திட்டம்கூடக் கவிழ்வது இந்த இடத்தில்தான். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி மில்லி லிட்டருக்குக் குறைந்தது 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) இருக்க வேண்டும். இருந்தாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக நாலு மாதம் காகிதத்திலேயே போயிற்று. புறப்படும் நேரத்தில் அரசு கால்நடை மருத்துவச் சான்றிதழ் வாங்கி, பத்து நாளுக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். திரும்பி வரும்போது நம் நாட்டு விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பிரிட்டன் என்றால் விமானத்தில் வரும் வளர்ப்பு நாய் சரக்காகத்தான் வர வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகப் போகவே வழியில்லை. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களை ஏற்ற மாட்டோம் என்று சொல்லும் விமான நிறுவனங்கள் பல. மூச்சுத்திணறி இறந்துவிடும் என்ற பயம், நியாயமான பயம். அக்கா, இத்தனை பாடும் பத்து நாள் விடுமுறைக்கா?

சரி, விடுதி. நல்ல விடுதிகள் இருக்கின்றன, மனசார ஒப்புக்கொள்கிறேன். படிப்புக்கோ, வேலைக்கோ, மகள் பிரசவத்துக்கோ கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் நாம் பேசுவது விடுமுறை. குடும்பம் ஒன்றாக இருக்கத்தான் விடுமுறை எடுக்கிறோம். நம் சீமை நாய்களான கன்னியும் சிப்பிப்பாறையும் வீட்டு ஆட்களிடம் உயிராக ஒட்டும். வேற்று ஆளிடம் பைய ஒதுங்கும். புது இடத்தில் இரண்டு மூன்று நாள் தட்டைத் தொடாமல் படுத்துக் கிடக்கும். விடுதியில் பரவும் இருமல் நோய் தனிக் கதை. நாய்க்கு எந்த ஊரில் இருக்கிறோம் என்பது கணக்கில்லை. தன் ஆள், தன் விரிப்பு, தன் தட்டு, இந்த மூன்றின் வாசம் இருந்தால் அது வீடு. அந்த வாசத்தோடு சக்கரத்தில் நகரும் ஒரே வண்டி கேரவன்தான்.

அடுத்தது அடுப்புக் கேள்வி. அண்ணாச்சி பயந்தது சரியான பயம். அதனால் பூசி மெழுகாமல் கணக்கோடு பேசுகிறேன். 12 வோல்ட்டில் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி என்பது நம் ஈ.பி. கணக்கில் சுமார் இரண்டரை யூனிட். கூரை ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும். இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். கூரையில் 400 வாட் சோலார் தகடு இருந்தாலும் நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட்டைச் சுற்றித்தான் தரும். ஆகவே பேட்டரியில் ஏ.சி. ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேட்டரி, மின்விசிறிக்கும் சின்ன ஃப்ரிட்ஜுக்கும்தான். 30 வாட் விசிறி பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது.

அப்போ வெக்கையை எப்படிச் சமாளிப்பது? நேரத்தால். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்து, பத்து மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். பதினொன்றிலிருந்து நாலு வரை நிழலும் 16 ஆம்பியர் பிளக்கும் இருக்கும் இடத்தில் தங்கல். நாலரைக்கு மேல் மறுபடி சக்கரம் உருளலாம். மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி ஏறும். பிளக்கில் ஏ.சி. ஓடுகிறது என்று நாயை உள்ளே பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கரண்ட் போகும். போன செய்தி உங்களுக்கு வராது. எனவே ஒரு ஆள் எப்போதும் வண்டியில், இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். நம்ம நெல்லை ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வெளிநாட்டில் தெரியாத ஊரில் இப்படி ஒரு கதவை எந்த மொழியில் தட்டுவது?

வண்டி வாடகைக்கு எடுக்கிறவர்கள், நாய்க்கு அனுமதி உண்டா, சுத்தம் செய்ய எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த வேனைத் தச்சரிடம் விட்டுக் கட்டில் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் ஏறாத மாற்றம் தவறு. விபத்து நடந்த அன்றைக்குக் காப்பீடு கைவிரித்தால் அழுது பிரயோஜனம் இல்லை.

உள்ளே நாய்க்குச் செய்ய வேண்டிய சோலி மூன்றே மூன்று. கேரவன் தரை வழவழப்பு. வளைவில் நாய் நாலு காலும் விரிந்து சறுக்கும். ரப்பர் பாய் விரித்து, அதன் மேல் பத்தமடைக் கோரைப்பாய் போடுங்கள், வயிற்றுக்குக் குளிர்ச்சி. ஓடும்போது கழுத்துப்பட்டையில் கட்டவே கூடாது, திடீர் பிரேக்கில் கழுத்து போய்விடும். மார்பைச் சுற்றும் கவசப்பட்டையை சீட் பெல்ட் கொக்கியில் மாட்டுங்கள். மூன்றாவது, கேஸ். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில்தான் தேங்கும். கட்டிலில் படுத்திருக்கும் நமக்கு வாடை தெரியும் முன்னே தரையில் படுத்திருக்கும் நாய் அதற்குள் கிடக்கும். அதனால் சிலிண்டர் வெளிப்பக்க அறையில், அந்த அறையின் அடித்தட்டில் காற்றுத் துளையோடு இருக்க வேண்டும். ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் படுக்கணும். தண்ணீர்க் கணக்கும் போடுங்கள்: 25 கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் ஒன்றரை லிட்டர், வெயில் நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு.

இனி மூன்றாவது கேள்வி, நம்ம ஊரில் என்ன இருக்கு? அண்ணாச்சி, நீங்கள் பார்த்தது பஸ் ஜன்னலில். நாய் பார்ப்பது மண்ணில். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையில் விடிகாலை ஆறு மணிக்கு ஒரு கன்னி நாயைச் சங்கிலியோடு நடத்திப் பாருங்கள். பத்தடிக்கு ஒருமுறை நிற்கும். ஈரமான புல்லில் மூக்கை ஊன்றும், முன்னங்கால் ஒன்று அந்தரத்தில் மடிந்து நிற்கும், காது இரண்டும் பின்னால் திரும்பும். முந்தின நாள் அந்த வழியே கீரி போயிருக்கும், இல்லை என்றால் நீர்க்காகம் இறங்கியிருக்கும். அது நிற்கும்போது நீங்களும் நிற்பீர்கள். அப்போதுதான் மடைத் தண்ணீர் வயலுக்குள் விழும் சத்தம் உங்கள் காதில் விழும். நூறு மீட்டருக்குக் கால் மணி நேரம் ஆகும். இந்த வேகத்தில் நம்ம ஊரை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

மடை வாய்க்குப் பக்கத்தில் நாயை நீந்த விடாதீர்கள், இழுப்பு அதிகம். வயல் தண்ணீரில் எலிச்சிறுநீரால் பரவும் லெப்டோ நோய் உண்டு. அதற்கான தடுப்பூசியைப் பயணத்துக்கு முன்பே போட்டு முடிக்க வேண்டும். நடந்து வந்ததும் விரலிடுக்கு, காதுமடல், பட்டைக்கு அடியில் உண்ணி தேட வேண்டும். சோர்வும் வெளிறிய ஈறும் அடர்நிற மூத்திரமும் சேர்ந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

திசையன்விளைப் பக்கம் தேரிக்காடு. செம்மண் மேட்டில் காலை எட்டு மணிக்குள் நடை முடிய வேண்டும். புறங்கையை மண்ணில் வைத்து ஐந்து எண்ணுங்கள். பொறுக்கவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. மயிலும் ஆட்டுக்கிடையும் நிறைந்த பூமி. சிப்பிப்பாறைக்கு ஓடுகிற உருவம் கண்ணில் பட்டால் நம் குரல் காதில் ஏறாது, எனவே சங்கிலி கையை விட்டு நழுவக் கூடாது. ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் வெள்ளைத் தோலுக்கு வெயில் ஆகாது என்பதையும், அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். ஹாரன் அடித்தால் விலகும் என்று நம்பக் கூடாது. சீமைக்கருவேல முள் டயரையும் குத்தும், பாதத்தையும் குத்தும். ஒரு குறடு போதும், இரண்டுக்கும் ஆகும். அங்கிருந்து உவரிக் கடற்கரை. சாயங்காலம் காற்று அருமை, ஆனால் வலையிலிருந்து உதறிய பேத்தை மீனும் தூண்டில் முள்ளும் மணலில் கிடக்கும். பேத்தை நஞ்சு, தின்றால் பிழைப்பது கடினம்.

எந்த மாதம் போவது? மழைக்காலம் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் என்ன செய்தது என்று இந்தத் திடலில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆற்றங்கரையில் ராத்தங்கல் எந்த மாதத்திலும் கூடாது. சாரல் காலத்தில் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உயரமான வண்டியைத் தள்ளும். லாரியைக் கடந்து வெளியே வரும் அந்தக் கணத்தில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் வெட்டும். நாற்பது, ஐம்பதுக்கு மேல் போகாதீர்கள். தையும் மாசியும்தான் சொகம். கிராமத்துச் சாலையில் தொங்கும் மின்கம்பி, புளியங்கொம்பு, ரயில்வே சுரங்கப்பாலம் இவற்றுக்காகக் கூரை ஏ.சி.யோடு சேர்த்த உயரத்தை ஓட்டுநர் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள்.

தங்குவதற்கு வெளிநாட்டில் கேரவன் பூங்கா இருக்கிறதே என்றார்கள். நமக்குக் கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாளில் காலியாகக் கிடக்கும் மண்டபத்தில் சுற்றுச்சுவர், கேட், குழாய்த் தண்ணீர், கழிப்பறை, பிளக் எல்லாம் உண்டு. ஆடியும் மார்கழியும் பெரும்பாலும் காலி. மேலாளரிடம் கேட்டு, வாடகை பேசி, பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு வண்டியைச் சொருகுங்கள். தோப்பில் நிறுத்தினால் தென்னைக்கு நேர் கீழே வேண்டாம், மட்டையும் தேங்காயும் கூரையைப் பிளக்கும். சோப்புத் தண்ணீரை வாய்க்காலில் திறந்து விடாதீர்கள். நாயின் கழிவைப் பையில் அள்ளுங்கள். ஊர்க்காரர்கள் அடுத்த கேரவனுக்குக் கதவு திறப்பது இதைப் பொறுத்துத்தான்.

ஒரு இடத்தில் எதிரணி என்னை மடக்கலாம். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு, மாஞ்சோலைக்கு நாயைக் கூட்டிப் போக முடியாதே என்று. உண்மை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வளர்ப்பு நாய் போகக் கூடாது, போகவும் வேண்டாம். 2018-இல் கிர் காட்டுச் சிங்கங்கள் செத்து விழுந்தது நாய்களிடம் பரவலாகக் காணும் டிஸ்டெம்பர் வைரஸால். நம் செந்நாயும் புலியும் அதற்குத் தப்பாது. கூந்தன்குளத்திலும் கூடு கட்டிய பறவைகளுக்குக் கீழே நாயை நடத்தக் கூடாது. அங்கெல்லாம் குடும்பம் இரண்டாகப் பிரிந்து, பாதிப் பேர் போய் வந்த பிறகு மீதிப் பேர் போகலாம். பாதி நாள் அப்படிப் போகும். பத்து நாள் விடுதியோடு இதை ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள், நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டது. இன்று சிப் பொருத்தி முதல் ரேபிஸ் ஊசி போட்ட நாய், நாலு மாதம் கழித்துத்தான் ஐரோப்பிய விமான நிலையத்தில் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அதே நாய், ஊசி பிடிக்க 21 நாள் கொடுத்தால், இருபத்திரண்டாம் நாள் காலை தன் விரிப்பில் படுத்தபடி உவரிக்குக் கிளம்பலாம். நன்றி, வணக்கம்.