சாங்கரை எப்படி அளப்பது?

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, வணக்கம்.

ஒரு மூலக்கூறு உயிரியலாளரின் உழைப்பை எதைக் கொண்டு அளப்பது என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞரிடம் எத்தனை கட்டுரை, பிறர் தம் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டிய மேற்கோள் எத்தனை, இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். என்ன கண்டுபிடித்தீர்கள் என்பது அதற்குப் பின்னால்தான் வருகிறது. சில நேர்காணல்களில் வருவதே இல்லை. இது தவறு என்று உறுதியாக நம்புகிறேன். இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் ஃபிரெடரிக் சாங்கரை வைத்தே அதைச் சொல்கிறேன்.

1943இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற சாங்கர், இன்சுலினைக் கையில் எடுத்தார். புரதத்தைக் கட்டும் சிறு அலகுகளான அமினோ அமிலங்களுக்குத் திட்டமான வரிசை உண்டா என்பதே அப்போது உறுதியாகத் தெரியாது. இன்சுலினில் இரண்டு சங்கிலிகள், மொத்தம் 51 அமினோ அமிலங்கள். சங்கிலியின் முனையில் மஞ்சள் நிறச் சேர்மம் ஒன்றை ஒட்டவைத்தார். சங்கிலியைத் துண்டுகளாக உடைத்து, தாளில் கரைசலை ஊறவிட்டுப் பொருள்களைப் பிரிக்கும் தாள் குரோமட்டோகிராபியில் பிரித்து, எந்தத் துண்டு எதனோடு பொருந்துகிறது என்று பார்த்துப் பார்த்து வரிசையைக் கட்டினார். முழு அமைப்பும் தெளிவாக 1955 ஆயிற்று. 1958இல் நோபல் பரிசு.

ஆய்வாளரை எடைபோட அவர் கட்டுரை வந்த ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டர் என்ற எண்ணையும் பார்க்கிறோம். அது, கணக்கிடும் ஆண்டுக்கு முந்தைய இரண்டே ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மேற்கோள்களைக் கணக்கிடுகிறது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பை இந்த இரண்டு ஆண்டுக் கணக்கு எப்படிப் பிடிக்கும்?

பரிசுக்குப் பின் அவர் ஆர்.என்.ஏ. பக்கமும் பிறகு டி.என்.ஏ. பக்கமும் திரும்பினார். 1977இல் நிக்லென், கூல்சன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்ட முறை உயிரியலையே மாற்றியது. டி.என்.ஏ. சங்கிலி வளரும்போது, மேலே வளரவிடாத ஒரு நியூக்ளியோடைடை, அதாவது டி.என்.ஏ.வின் ‘எழுத்து’ ஒன்றின் மாற்று வடிவத்தை, சிறிதளவு கலந்துவிட வேண்டும். சங்கிலிகள் வெவ்வேறு இடங்களில் நின்றுபோகும். அவற்றை நீளவாரியாக ஜெல்லில் பிரித்தால் எழுத்து எழுத்தாக வரிசையைப் படித்துவிடலாம். எவ்வளவு எளிமை! 1980இல் இரண்டாவது நோபல் பரிசு வந்தது. மனித மரபணுத் தொகுதியை வாசித்த பெருந்திட்டமும் இந்த முறையின் மேல்தான் நின்றது.

2014இல் ‘நேச்சர்’ இதழ் உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. சாங்கரின் 1977 கட்டுரைக்கு அதில் நான்காவது இடம், 65,000க்கும் மேற்பட்ட மேற்கோள்கள். ஆனால் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் வகுத்த எச்-இண்டெக்ஸில் அந்தக் கட்டுரையின் பங்கு ஒன்றே ஒன்று. குறைந்தது இருபது மேற்கோள்களாவது பெற்ற இருபது கட்டுரைகள் இருந்தால் இண்டெக்ஸ் இருபது. அந்த இருபதில் ஒன்று 65,000 பெற்றிருந்தாலும் எண் அசையாது.

சரி, மொத்த மேற்கோளையே பார்ப்போம் என்பீர்கள். அதே பட்டியலில் முதலிடம், புரத அளவைக் கணக்கிடும் முறை பற்றி ஆலிவர் லௌரியும் மூவரும் 1951இல் எழுதிய கட்டுரைக்கு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். மிகப் பயனுள்ள முறைதான். ஆனால் அது ஒன்றும் மகத்தான கட்டுரை அல்ல என்று லௌரியே எழுதியிருக்கிறார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரையோ அந்த நூறுக்குள் வரவே இல்லை. ஏன்? சோதனைக்கூடத்தில் நாள்தோறும் பயன்படுத்தும் முறைக்கு ஒவ்வொரு முறையும் மேற்கோள் தருகிறோம். நம் சிந்தனையிலேயே கலந்துவிட்ட உண்மைக்கு யாரும் மேற்கோள் தருவதில்லை. சாங்கரின் முறைக்கே இப்போது அந்த நிலை வந்துவிட்டது. மரபணுப் பரிசோதனை அறிக்கையில் ‘சாங்கர் முறையில் உறுதி செய்யப்பட்டது’ என்று அச்சிடுகிறார்கள். அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஓர் ஆய்வு பிற்காலத்தில் யார் யாருக்குப் பயன்பட்டது என்று தேடுவதற்கு மேற்கோள் நல்ல வழிகாட்டி. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார் என்று தொகுக்கும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்ட் அதற்காகவே தொடங்கினார். அதற்கு நான் எதிரி அல்ல. முப்பது வயது ஆய்வாளருக்கு வேலை கொடுப்பதா வேண்டாமா என்பதை அது தீர்மானிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இந்த அரங்கில் தேர்வுக் குழுக்களில் அமரும் பேராசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த நேர்காணலுக்கு முன் ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும் அவர் மிகவும் மதிக்கும் தம்முடைய மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்குங்கள். முழுவதும் படியுங்கள். சோதனையை ஏன் அப்படி அமைத்தார், எந்த முடிவை நம்ப மறுத்தார், அடுத்து எதைத் தேடப் போகிறார் என்று அவரிடமே கேளுங்கள். நன்றி.