40 டெராபைட் பேக்கப்பை வீங்காமல் புது ஸ்டோரேஜுக்கு மாற்றுவது எப்படி?

(திரையில்: சேலம் அருகே இளம்பிள்ளை. சேலை உற்பத்திக் கூடம், பக்கத்து அறையில் சர்வர் அலமாரி.)

வணக்கம். இளம்பிள்ளையில் சேலை உற்பத்தி செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஜக்கார்டு தறிகளுக்கான டிசைன் கோப்புகள், ஆர்டர் விவரங்கள், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் நான்கைந்து சர்வர்களில் இருக்கின்றன. இரவுதோறும் பேக்கப் ஓடுகிறது. ஸ்டோரேஜ் பெட்டி பழையதாகிவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கியாயிற்று. பழையதில் நிரம்பியிருப்பது 40 டெராபைட்; புதியதில் இடம் 80. தாராளமாகப் போதும் என்று காப்பி போடுகிறார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் 80 டெராபைட்டும் நிரம்பி, வேலை பாதியில் நிற்கிறது.

காரணம், டீடூப் (deduplication), அதாவது ஒரே தரவைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இடத்தை மிச்சப்படுத்தும் முறை. ஒரு சர்வரில் தினமும் மாறுவது கொஞ்சம்தான். நேற்றும் இன்றும் ஒரே மாதிரி இருக்கும் பிளாக்குகளை, அதாவது தரவின் சிறு துண்டுகளை, ஒரு முறை மட்டும் எழுதிவிட்டு, மற்ற பேக்கப்புகளில் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினால் போதும். அதனால்தான் ஐந்து முழு பேக்கப்புகள் ஒன்றின் இடத்திலேயே ஏறக்குறைய அடங்கிவிடுகின்றன. காப்பி செய்யும் மென்பொருளுக்கு இந்தச் சுட்டிகள் தெரியாது. அது ஒவ்வொரு கோப்பையும் முழுதாகப் படித்து முழுதாக எழுதும். 40 டெராபைட் 200 ஆவது இப்படித்தான்.

(திரையில்: மூன்று அடுக்குகள். மேலே பேக்கப் மென்பொருள், நடுவே கோப்புகளை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமை, கீழே டிஸ்க்.)

ஆகவே, எந்தக் கட்டளையையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: உங்கள் டீடூப் எந்த அடுக்கில் நடக்கிறது?

மென்பொருளிலேயே நடந்தால் கவலை குறைவு. போர்க், ரெஸ்டிக் போன்ற பேக்கப் மென்பொருள்கள் துண்டுகளைத் தங்கள் கோப்புகளுக்குள்ளேயே ஒருமுறை மட்டும் வைக்கின்றன. ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவி கொண்டு அப்படியே நகர்த்தலாம், வீங்காது. நகர்த்தும்போது பேக்கப் எதுவும் ஓடக்கூடாது. மறையாக்கம் (encryption) செய்த போர்க் கிடங்கு என்றால், காப்பி முடிந்தபின் பழையது, புதியது இரண்டிலும் எழுதாதீர்கள். அது மறையாக்கத்தின் பாதுகாப்பையே உடைக்கும்.

கோப்பு முறைமையில் நடந்தால்தான் ஆபத்து. லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ரெஃப்லிங்க், விண்டோஸில் ரீஎஃப்எஸ் கோப்பு முறைமையின் பிளாக் குளோனிங் இரண்டும் இந்த வகை; ஒரே பிளாக்கைப் பல கோப்புகள் பகிர்ந்துகொள்ள விடுபவை. ஆர்சிங்க், விண்டோஸின் காப்பிக் கருவியான ரோபோகாப்பி இரண்டுமே இங்கே வீங்கவைக்கும். வீம் என்ற பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு நல்ல வழி தந்தது: அதற்குள்ளேயே இருக்கும் நகர்த்தும் வசதி பிளாக் குளோனிங்கைக் காப்பாற்றிக்கொண்டே மாற்றுகிறது.

லினக்ஸ் சர்வரில் எல்விஎம் (பல டிஸ்க்குகளை ஒன்றாக்கி நிர்வகிக்கும் அடுக்கு) மீது எக்ஸ்எஃப்எஸ் இருந்தால் இன்னொரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் பயப்படுவதும் அதுதான். புதுப் பெட்டியின் டிஸ்க்கை அதே சர்வருக்குக் காட்டி, அதே வால்யூம் குரூப்பில், அதாவது டிஸ்க் தொகுப்பில், சேர்த்து, பிவிமூவ் கட்டளை கொடுத்தால் போதும். அது கோப்பு முறைமைக்குக் கீழே, பிளாக் பிளாக்காக நகர்த்துகிறது. மேலே சுட்டிகள் இருப்பதே அதற்குத் தெரியவேண்டியதில்லை. பேக்கப்பை நிறுத்தவும் வேண்டாம். சித்திரை, வைகாசி மாலைகளில் சேலத்தில் இடியும் மின்னலுமாகக் கோடை மழை கொட்டி மின்சாரம் போனால்கூட, சர்வர் திரும்ப எழுந்ததும் அதே கட்டளையை டிஸ்க் பெயர் இல்லாமல் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பயம் எதற்கு? நகரும் நாட்களில் உங்கள் பேக்கப்பின் ஒரு பகுதி பழைய பெட்டியிலும் மறு பகுதி புதியதிலும் இருக்கிறது. எந்தப் பெட்டி செத்தாலும் எல்லாம் போயிற்று. முடிந்தபிறகும் பழைய பெட்டியில் திரும்பிப் போக ஒரு பிரதி மிஞ்சாது. வேறோர் இடத்தில் முழுமையான இரண்டாம் பிரதி இல்லாதவர்கள் தயவுசெய்து இந்த வழியில் இறங்க வேண்டாம்.

(திரையில்: 1 ஜிபிபிஎஸ் கேபிள், நொடிக்கு 110 மெகாபைட்.)

நேரக் கணக்கையும் போட்டுவிடுங்கள். ஒரு ஜிகாபிட் இணைப்பில் 40 டெராபைட் நகர நான்கு நாட்களுக்குச் சற்று மேலாகும். வீங்கிய 200 டெராபைட் என்றால் மூன்று வாரம். பத்து ஜிகாபிட் போட்டால் பத்தில் ஒரு பங்கு நேரம் என்று நம்பிவிடாதீர்கள். டீடூப் செய்த கோப்பின் பிளாக்குகள் டிஸ்க் முழுவதும் சிதறிக் கிடக்கும். கோப்பு கோப்பாகப் படித்தால் சுழலும் டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது.

நகர்த்தாமலே இருக்கலாமா? பல நிறுவனங்களுக்கு அதுவே சிறந்தது என்பேன். இன்றிலிருந்து புதிய பேக்கப்புகளைப் புதுப் பெட்டியில் எழுதுங்கள். பழையவை தங்கள் காலம் முடிந்து தாமாகவே கழியட்டும். 30 நாள், 60 நாள் வைத்திருப்பவர்களுக்கு இது போதும். ஆனால் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அந்தக் கணக்குகளின் பிரதி பழைய பெட்டியில் மட்டும் இருந்தால் அந்தப் பகுதியை மட்டுமாவது நகர்த்தியே ஆகவேண்டும்.

(திரையில்: ஏற்காடு மலைப்பாதை.)

இரண்டாம் பிரதி ஏற்காட்டில், காபி எஸ்டேட் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 40 டெராபைட் மேலே போக ஒரு மாதத்துக்கும் மேலாகும். சேலத்திலேயே முதல் பிரதியை எடுத்து, டிஸ்க்குகளை நுரைப்பெட்டியில் வைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் காரிலேயே ஏற்றிவிடுங்கள். அதன்பின் தினசரி மாற்றம் மட்டும் இணைப்பில் போனால் போதும்.

முடிந்தது என்று சொல்வதற்கு முன், புதுப் பெட்டியிலிருந்து மிகப் பழைய பேக்கப் ஒன்றையும் நேற்றையதையும் உண்மையாகவே மீட்டுப் பாருங்கள். சர்வர் எழ வேண்டும், டிசைன் கோப்பு திறக்க வேண்டும், கணக்கு மென்பொருள் இருப்பைச் சரியாகக் காட்ட வேண்டும். மூன்றும் சரியாக இருந்த பிறகே பழைய டிஸ்க்குகளை முழுமையாக அழித்து, பெட்டியை விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுங்கள்.